கோப்பை முதலாளிக்கு, கல்தா பயிற்சியாளருக்கு!

அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்ததும் "நாளையிலிருந்து வேலையில்லை, போ" என்று துரத்தப்படுவது என்னவென்று பொன்னேரி வட்டாரத்து விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். ஆர்டர் முடிந்து கடைசி லாரி கேட்டைத் தாண்டியதும் காண்டிராக்ட் சீட்டுக் கிழிக்கப்படுவது என்னவென்று கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிலாளிக்குத் தெரியும். கோடிக்கணக்கில் பணம் புரளும் கால்பந்து மைதானத்திலும் இதே கதைதான்! ஆனால் பெரிய பத்திரிகைகள் அதைச் சொல்லுமா? "கிளப்பும் பயிற்சியாளரும் பிரிந்தனர்" என்று இரண்டு வரி போட்டு முடித்துவிடுகின்றன.

பிரிந்தனராம்! என்ன நடந்தது என்று பார்ப்போம்.

கல்கத்தாவின் மோகன் பகான் அணி 2024-25 பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக்கில் 24 ஆட்டங்கள் ஆடியது. 17 வெற்றி, 5 சமன், இரண்டே தோல்வி. மொத்தம் 56 புள்ளி. அந்தப் போட்டியில் அதுவரை எந்த அணியும் இவ்வளவு புள்ளி எடுத்ததில்லை. லீக் ஷீல்டு வந்தது. 2025 ஏப்ரல் 12ல் பெங்களூர் அணியை 2-1 என்று தோற்கடித்துக் கோப்பையும் வந்தது. இத்தனைக்கும் பயிற்சி தந்தவர் ஸ்பெயின் நாட்டு ஹோசே மோலினா. அதே ஆண்டு நவம்பரில் அவருக்குக் கல்தா!

என்ன குற்றம் செய்தார்? டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலிடம் தோற்றது. ஆசியப் போட்டியில் துர்க்மெனிஸ்தான் அணியிடம் சொந்த மண்ணில் தோற்றது. சூப்பர் கோப்பையில் முதல் சுற்றோடு வெளியேறியது என்று கணக்குக் காட்டுகிறார்கள். உண்மைதான், நாம் மறைக்கவில்லை. ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் காட்ட வேண்டாமா? அந்தச் சூப்பர் கோப்பையில் மோகன் பகான் ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. நம் சென்னையின் அணியை 2-0 என்று வென்றது. மற்ற இரண்டும் சமன். அதே அக்டோபரில் ஈஸ்ட் பெங்காலை வீழ்த்தி ஐ.எப்.ஏ. ஷீல்டு வாங்கியது. பாதுகாப்பைக் காரணம் காட்டி ஈரானில் நடக்க இருந்த ஆட்டத்துக்கு அணி போகவில்லை. ஆசியப் போட்டி அத்தோடு முடிந்தது. அதையும் பயிற்சியாளர் தலையிலா கட்டுவது?

இன்னொன்று கேளுங்கள். அந்த நவம்பரில் லீக் போட்டி எப்போது தொடங்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் ரிலையன்ஸ் குழுமக் கம்பெனியோடு செய்திருந்த 15 ஆண்டு ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது. புதிய டெண்டருக்கு ஒரு கம்பெனியும் முன்வரவில்லை. நிலமே இல்லாத இடத்தில், "நாற்று நடவில்லையே" என்று உழவனைத் துரத்துவது போலல்லவா இருக்கிறது!

ஆறாண்டுக்குள் ஐந்து முறை

இது ஒரு மோலினாவின் கதை மட்டுமல்ல. 2020 ஜனவரி 16ல் மோகன் பகான் கால்பந்து நிறுவனத்தின் 80 சதவீதம் சஞ்சீவ் கோயங்காவின் ஆர்.பி.எஸ்.ஜி. குழுமத்துக்குப் போவதாக அறிவிப்பு வந்தது. கல்கத்தாவுக்கு மின்சாரம் விற்கும் குழுமம் அது. பழைய கிளப்புக்கு மிஞ்சியது 20 சதவீதம். அப்போது ஐ-லீக் போட்டி நடந்துகொண்டிருந்தது. கிபு விக்குனா பயிற்சி தந்த அணி முன்னணியில் இருந்தது. மார்ச் 10ல், இன்னும் நான்கு சுற்று பாக்கி இருக்கையிலேயே, அந்த அணி சாம்பியன் ஆனது. அவருக்குக் கிடைத்த பரிசு என்ன? புதிய கூட்டு அணியில் இடமில்லை! நான்கு நாள் கழித்துச் சென்னை அணியை 3-1 என்று வென்று சூப்பர் லீக் கோப்பை எடுத்தது கோயங்காவின் ஏ.டி.கே. அணி. அதன் பயிற்சியாளர் அந்தோனியோ ஹபாஸுக்கே நாற்காலி.

அந்த நாற்காலியாவது நிலைத்ததா? 2021 டிசம்பரில், பருவத்தின் நடுவிலேயே, ஹபாஸ் வெளியே. அடுத்து வந்த ஹுவான் பெர்ராண்டோ 2023 மார்ச்சில் கோப்பை வாங்கித் தந்தார். 2024 ஜனவரியில் வெளியே. மீண்டும் ஹபாஸைக் கூப்பிட்டார்கள். ஏப்ரலில் லீக் ஷீல்டை வென்று கொடுத்தார், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. பிறகு மோலினா. ஆக, ஆறாண்டுக்குள் ஐந்து முறை! ஐந்து முறையும் வெளியே போனவர் கோப்பையோ ஷீல்டோ வென்றவர். மோலினாவின் இடத்துக்கு வந்த செர்ஜியோ லொபேரா யார்? 2020 ஜனவரியில் கோவா அணி பட்டியலில் முதலிடத்தில் இருந்தபோதே அந்த கிளப்பால் நீக்கப்பட்டவர்!

நம் சென்னை மட்டும் என்ன வாழ்ந்தது? 2015ல் கோப்பை வாங்கித் தந்த மட்டராசி 2017ல் போனார். 2018ல் வாங்கித் தந்த ஜான் கிரிகரி 2019 நவம்பரில் போனார்.

"கோச் என்ன கூலிக்காரரா?"

சிலர் கேட்கலாம்: "லட்சம் லட்சமாகச் சம்பளம் வாங்கும் வெள்ளைக்காரக் கோச்சுக்காகப் பாட்டாளி ஏன் கண்ணீர் விட வேண்டும்?"

கண்ணீர் விடச் சொல்லவில்லை தோழர்களே! மோலினா பட்டினி கிடக்கப் போவதில்லை. ஒரு வாசல் மூடினால் இன்னொரு வாசல் அவருக்குத் திறக்கும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். பேரும் புகழும் உள்ள, கோப்பையைக் கையில் பிடித்த மனிதனுக்கே இந்தக் கதி என்றால், பெயர்கூட ரிஜிஸ்தரில் ஏறாத காண்டிராக்ட் தொழிலாளியின் கதி என்ன? "நன்றாக உழை, வேலை நிலைக்கும்" என்று மேனேஜர்கள் உபதேசம் செய்கிறார்களே, அந்த உபதேசத்தின் சாயத்தை இது வெளுத்துக் காட்டவில்லையா? உழைப்பு மட்டும் வேலையைக் காப்பதில்லை. கேள்வி கேட்கும் உரிமைதான் காக்கும்.

மோலினா போன அதே நவம்பரில், 21ஆம் தேதி, மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. குறித்த கால வேலை என்பது அதில் சட்டமாகவே ஏறிவிட்டது. கால்பந்துக் கோச்சின் ஒப்பந்தச் சீட்டு இனி ஆலைத் தொழிலாளியின் கைக்கும் வருகிறது. கோச்சின் சம்பளம் மட்டும் வராது!

"பணம் போட்டவன் முடிவு செய்கிறான், இதில் என்ன தப்பு?" என்பது அடுத்த வாதம். பணம் மட்டுமா கிளப்? 1889ல் பிறந்தது மோகன் பகான். 1911 ஜூலை 29ல், ஒருவர் தவிர மற்ற பத்துப் பேரும் வெறுங்காலோடு இறங்கி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவின் வெள்ளைச் சிப்பாய்களை 2-1 என்று வீழ்த்தினார்களே, அந்தப் பெருமையை எந்தக் கம்பெனி எந்த விலைக்கு வாங்கியது? ஜெர்மனியில் 1998 முதல் ஒரு விதி இருக்கிறது: கம்பெனியாக மாறிய கிளப்பிலும் பாதிக்கு மேல் ஓட்டு உறுப்பினர் சங்கத்திடம் இருக்க வேண்டும். விதிவிலக்குகள் சில உண்டு. அங்கும் பயிற்சியாளர்களை நீக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பொதுக்கூட்டத்தில் உறுப்பினன் எழுந்து "ஏன்?" என்று கேட்கலாம். பதில் சொல்லியாக வேண்டும்.

பெயரை மீட்டார்கள்

கேட்டால் நடக்குமா? நடந்திருக்கிறது! 2020ல் கிளப்பின் பெயருக்கு முன்னால் ஏ.டி.கே. என்ற கம்பெனி அணியின் முத்திரையைக் குத்தினார்கள். கல்கத்தா ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. அந்த எழுத்துக்களை நீக்கு என்று விடாமல் குரல் கொடுத்தார்கள். 2023 மார்ச் 18ல், கோப்பை வென்ற இரவில், முத்திரையை நீக்குவதாகக் கோயங்காவே அறிவித்தார். 80 சதவீதம் கையில் வைத்திருந்தவர் இறங்கி வந்தார்! அதன் பின்னால் "சூப்பர் ஜயண்ட்" என்று தம் வியாபாரப் பெயரை ஒட்டிக்கொண்டார் என்பது வேறு சங்கதி.

பெயரை மீட்டவர்களால் முடிவெடுக்கும் உரிமையையும் மீட்க முடியும். பயிற்சியாளரை நீக்கினால் காரணத்தை எழுத்தில் சொல்! நிர்வாகத்தில் ஆட்டக்காரருக்கும் ரசிகருக்கும் இடம் கொடு! இதுவே கேட்க வேண்டிய கேள்வி.

திருவள்ளூர் வண்டியில் போய்வரும் தோழர்களுக்கு வியாசர்பாடி ஜீவா நிலையம் தெரியும். தோழர் ஜீவாவின் பெயரைத் தாங்கிய நிலையம். அந்தப் பேட்டைச் சிறுவர்கள் பந்துதைப்பது ஊரறிந்த விஷயம். அவர்களில் ஒருவன் நாளைக்கு ஆட்டக்காரனாவான், பயிற்சியாளனாவான். அவன் கோப்பையைத் தூக்கும்போது கைதட்டுவது மட்டும் நம் வேலையல்ல. கோப்பை கண்ணாடி அலமாரிக்குப் போன மறுநாள் அவனைத் தெருவில் விடாதபடி பார்த்துக்கொள்வதும் நம் வேலைதான்!