அரை விநாடியை விடாதவர்

2024 மார்ச் கடைசியில் ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் வேக அளவீடு ஒன்றுக்காகத் தன் கணினியைத் தயார் செய்துகொண்டிருந்தார். அவர் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குவோரில் ஒருவர். பாதுகாப்பு ஆய்வாளர் அல்ல. தோற்றுப்போகும் எஸ்எஸ்எச் உள்நுழைவு முயற்சிகள்கூட ப்ராசசரை ஏன் இவ்வளவு இழுக்கின்றன என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. அளந்து பார்த்தார். 0.299 விநாடியில் முடிந்துகொண்டிருந்த வேலைக்கு இப்போது 0.807 விநாடி ஆனது. சில வாரங்களுக்கு முன் வால்கிரைண்ட் சோதனையில் வந்த காரணம் புரியாத பிழைச் செய்தியும் நினைவுக்கு வந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனவர் எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருள் தொகுப்புக்குள் போய் நின்றார். அதற்குள் ஒளிந்திருந்த பின்கதவை மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார்.

அந்தப் பின்கதவின் அமைப்பை நம் துறையினர் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது பிரித்துப் படிக்க வேண்டும். தீய நிரல், சோதனைக்கான சுருக்கக் கோப்புகளுக்குள் குப்பை பைட்டுகளைப்போல் கிடந்தது. அதை எழுப்பும் ஸ்கிரிப்ட் கிட் களஞ்சியத்தில் இல்லை, 5.6.0, 5.6.1 பதிப்புகளின் வெளியீட்டுத் தொகுப்பில் மட்டுமே இருந்தது. களஞ்சியத்தை வரிவரியாக வாசித்தவர் கண்ணிலும் அது பட்டிருக்காது. ‘ஜியா டான்’ என்ற பெயரில் வந்தவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல திருத்தங்களை அனுப்பி நம்பிக்கை சம்பாதித்திருந்தார். களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரைப் பொறுப்பைப் பகிரச் சொல்லி, முகம் தெரியாத சிலர் நெருக்கியும் இருந்தார்கள். தாக்கியவரின் ரகசியச் சாவி இருந்தால், கடவுச்சொல் கேட்கும் முன்பே சர்வரில் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம். டெபியன், ஃபெடோராவின் நிலைப் பதிப்புகளுக்குள் அது நுழையும் முன் பிடிபட்டது பெரும் பாக்கியம்.

2020-இல் ஃபயர்ஐ நிறுவனத்தில் நடந்ததும் இதே வகை. ஊழியர் ஒருவரின் கணக்கில் இரண்டாவது கைபேசி பதிவாகியிருந்தது. வேறு இடங்களில் ‘புது போன் வாங்கியிருப்பார்’ என்று டிக்கெட்டை மூடியிருப்பார்கள். அங்கே அவரிடமே கேட்டார்கள். என்னுடையது இல்லை என்றார். அந்த நூலைப் பிடித்து இழுத்ததில்தான் சோலார்விண்ட்ஸ் ஓரியன் மென்பொருளின் புதுப்பிப்பே நஞ்சாகியிருந்தது தெரிந்தது. அதை ஏறக்குறைய 18,000 வாடிக்கையாளர்கள் இறக்கியிருக்கக்கூடும்.

இந்த இரண்டிலும் முன்பே அறிந்த கையொப்பத்தைத் தேடும் கருவிக்கு வேலை இல்லை. அப்படி ஒன்று அப்போது இல்லவே இல்லை. வழக்கம் எது என்று தெரிந்த மனிதர் ஒருவர், வழக்கம் மீறியதை விடாமல் துரத்தினார். நம் கண்காணிப்பு மையங்களில் இரவு ஷிப்டில் இருப்பவரிடம் இதற்கு நேரம் இருக்கிறதா? எத்தனை அலர்ட்டை எத்தனை நிமிடத்தில் மூடினார் என்பதை வைத்தே அவரை மதிப்பிடுகிறோம். இந்த அளவுகோல் தவறு. ‘ஏன்’ என்று கேட்டு ஒரு மணி நேரம் செலவழித்தவரை அது தண்டிக்கிறது.

லாக் விஷயத்திலும் கஞ்சத்தனம் ஆகாது. 2023 ஜூனில் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் மின்னஞ்சலில் நடந்த ஊடுருவலைத் தானே கண்டுபிடித்தது. அஞ்சல் திறக்கப்பட்டதைக் காட்டும், கூடுதல் கட்டணத்துக்குரிய லாக்கை அது வாங்கி வைத்திருந்தது. அதன்மேல் தானே ஒரு விதியும் எழுதியிருந்தது. அந்த வசதியை அப்போது வாங்காத அமைப்புகளுக்குப் பார்ப்பதற்கே ஒன்றும் இருக்கவில்லை.

நம் நாட்டில் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு 180 நாள் லாக்கைக் கேட்கிறது. சோலார்விண்ட்ஸின் நஞ்சு கலந்த புதுப்பிப்பு 2020 மார்ச்சில் வெளியாகி டிசம்பரில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. ஒன்பது மாதம். 180 நாளோடு நிறுத்திக்கொண்டவரிடம் ஊடுருவலின் முதல் நாள் இருக்காது. சட்டம் கேட்பது குறைந்தபட்சம் மட்டுமே. முக்கியமான சர்வர்களுக்காவது ஓராண்டு லாக்கை வையுங்கள். விளங்காத ஒன்றைத் துரத்த ஒவ்வொரு ஆய்வாளருக்கும் வாரத்தில் அரை நாளாவது ஒதுக்குங்கள். அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் புதிய கருவிக்குக் கையெழுத்திடும் முன் இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.