தொட்டியின் நைட்ரேட்டும் தெருவின் நைட்ரேட்டும்

நைட்ரேட் கூடிவிட்டால் வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றுங்கள் என்பது, பவளத்தொட்டி வைத்திருப்போர் அனைவரும் கேட்டிருக்கும் அறிவுரை. அதில் பிழையில்லை. ஆனால் மாற்று நீர் எங்கிருந்து வருகிறது என்பதை அது கேட்பதில்லை. சிவாஜிநகரின் வண்ணமீன் கடைகளிலிருந்து தொட்டி வாங்கிச் செல்வோர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுவே என்பது என் கருத்து.

பெங்களூருவின் பல இடங்களில் நிலத்தடி நீரின் நைட்ரேட், குடிநீருக்கான இந்தியத் தர வரம்பாகிய லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் ஆய்வுகள் காட்டியுள்ளன. 60 லிட்டர் தொட்டி ஒன்றில் நைட்ரேட் 40 மில்லிகிராம் இருப்பதாகக் கொள்வோம். நைட்ரேட் அற்ற நீரில் உப்பைக் கரைத்து 15 லிட்டரை மாற்றினால் அளவு 30 ஆகக் குறையும். 45 மில்லிகிராம் கொண்ட ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தினால் 41.25 ஆக உயரும். உழைப்பும் உப்பும் செலவாகும். பவளம் மட்டும் வாடும்.

ஆகவே தொட்டி நீரைச் சோதிக்குமுன் குழாய் நீரைச் சோதியுங்கள். சோதனைப்பெட்டி நைட்ரேட்டைக் காட்டுகிறதா, நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜனை மட்டும் காட்டுகிறதா என்பதையும் பாருங்கள், பின்னதை 4.43 ஆல் பெருக்கினால்தான் முன்னது கிடைக்கும். ஆர்.ஓ. சவ்வு நைட்ரேட்டின் பெரும்பகுதியைத் தடுக்கும். எஞ்சியதை அயனி நீக்கப் பிசின் பிடித்துக்கொள்ளும். அதன்பின் தொட்டியில் சேரும் நைட்ரேட் பெரும்பாலும் நாம் இடும் தீனியிலிருந்து வருவது. தீனியின் புரதம் அம்மோனியாவாகி, பாக்டீரியாக்களால் நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாறுகிறது. சிறு தொட்டியில் மீன்களின் எண்ணிக்கையையும் தீனியையும் குறைப்பதற்கு நிகரான மருந்து எந்தப் புட்டியிலும் இல்லை.

எனினும் நைட்ரேட்டைப் பூஜ்ஜியமாக்குவதும் தவறே. பவளத்தின் திசுக்களில் வாழும் நுண்பாசிகளுக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் தேவை. நைட்ரஜன் மிகுந்து பாஸ்பேட் பற்றாக்குறையானால், வெப்பத்திலும் ஒளியிலும் பவளம் எளிதில் வெளிறும் என்று சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வீடன்மான் குழுவினரின் 2013ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஓர் எண்ணைத் துரத்துவதைவிட இரண்டின் சமநிலையைக் காப்பதே அறிவியல்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2001 முதல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து பெயர்த்தெடுத்த பவளத்தை எவ்வளவு தூய நீரில் வைத்தாலும் அது குற்றமே. கடல்மீன் வளர்க்கும் ஆர்வம் உள்ளோர், பண்ணையில் இனப்பெருக்கம் செய்த கோமாளி மீன்களோடு நிறைவடையலாம். அதற்கான தொழில்நுட்பத்தை மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டிலேயே உருவாக்கியுள்ளது.

மீனுக்காக ஆர்.ஓ. கருவி வாங்க நம்மால் இயலும். அதே தெருவில் அதே ஆழ்துளைக் கிணற்று நீரில் பால்மாவு கரைக்கும் தாய்க்கு அது இயலாமற் போகலாம். மிகுந்த நைட்ரேட், குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்து உடலை நீலம்பாரிக்கச் செய்யும். இந்நகரின் நிலத்தடியில் நைட்ரேட் சேர முதன்மைக் காரணம் கசியும் கழிவுநீர். கொதிக்கவைத்தாலும் அது நீங்காது.

வேதியியலும் உயிரியலும் பயிலும் மாணவர்களே, உங்கள் சோதனைப்பெட்டியில் சில துளிகளைத் தெருவின் கிணற்று நீருக்கும் ஒதுக்குங்கள். நாளையும் இடத்தையும் குறித்து வையுங்கள். வரம்பைத் தாண்டிய நீரை ஆய்வகத்தில் உறுதிசெய்து, அந்த வீட்டாருக்கும் குடிநீர் வாரியத்துக்கும் தெரிவியுங்கள்.