எல்ட்ஸ் கோட்டைக்கு அப்பாவை எப்படிக் கூட்டிப்போவது?

நான் ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறியதிலிருந்து அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எல்ட்ஸ் கோட்டையைப் பார்க்க வேண்டும். பாரிஸும் வேண்டாம், சுவிட்சர்லாந்துப் பனியும் வேண்டாம். விழுப்புரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவர் அவர். வருஷம் தவறாமல் பிள்ளைகளைச் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துப்போவார். களஞ்சியத்தைக் காட்டுவார், கல்யாண மகாலைக் காட்டுவார். “இங்க இருந்தவங்க எங்க சார் சமைச்சாங்க, எங்க படுத்தாங்க?” என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். கையால் வெற்றிடத்தைக் காட்டிக் கதையாகத்தான் சொல்ல முடியும்.

எல்ட்ஸில் அந்தக் கேள்விக்குப் பதில் கண்முன்னே இருக்கிறது. இடைக்காலச் சமையலறை அப்படியே நிற்கிறது. சுவரெங்கும் கொடியும் பூவும் தீட்டிய படுக்கையறை இருக்கிறது. ஜெர்மனியின் கோட்டைகளில் பெரும்பாலானவை போரில் இடிந்தவை, அல்லது 19-ஆம் நூற்றாண்டில் புதிதாக எழுப்பப்பட்டவை. இது இடிபடவே இல்லை. 1157-இல் பேரரசர் பிரெடெரிக் பார்பரோசா வழங்கிய ஓர் ஆவணத்தில் சாட்சியாக ருடோல்ஃப் ஃபான் எல்ட்ஸ் என்பவரின் பெயர் இருக்கிறது. கோட்டை இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் அண்ணன் தம்பிகள் மூவர் பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஆனால் யாரும் வெளியேறவில்லை. ஒரே குறுகிய முற்றத்தைச் சுற்றி மூன்று கிளைகளும் தங்கள் தங்கள் வீடுகளை மேலே மேலே உயர்த்திக் கட்டிக்கொண்டன. 1331-இல் திரியர் நகரப் பேராயர் பால்ட்வின் எதிர் மேட்டில் ஒரு முற்றுகைக் கோட்டையைக் கட்டி இதன்மேல் கல்லெறிய வைத்தார். பதினான்காம் லூயியின் படைகள் மோசல் ஆற்று வட்டாரத்துக் கோட்டைகளைக் கொளுத்தியபோது, பிரெஞ்சுப் படையிலேயே அதிகாரியாக இருந்த ஹான்ஸ் அந்தோன் என்ற குடும்பத்து ஆள் இதைத் தப்பவைத்தார். யூரோவுக்கு முந்தைய 500 மார்க் நோட்டின் பின்பக்கத்தில் இந்தக் கோட்டையின் படம்தான் இருந்தது. ஒரு வரலாற்று வாத்தியார் இதைப் பார்க்க ஆசைப்படுவதில் என்ன தப்பு? அந்த நியாயமான ஆசைக்கு ஒரு தேதி குறிக்க முடியாமல் தவிப்பதுதான் என் ஆற்றாமை.

கோட்டை ஏப்ரல் தொடங்கி நவம்பர் முதல் தேதிவரைதான் திறந்திருக்கும். குளிர்காலம் முழுக்க உள்ளே விடமாட்டார்கள். அதைக் குறை சொல்லவில்லை, பழைய கட்டடத்துக்கும் ஓய்வு வேண்டும். ஆனால் பெற்றோரை அழைக்க நான் இங்கே ஓர் அலுவலகத்தில் பொறுப்பேற்புப் பத்திரம் வாங்க வேண்டும். அதற்கு நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகிறது. பிறகு அவர்கள் அங்கே விசாவுக்கு நாள் வாங்க வேண்டும், 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்கவும் வழியில்லை. இத்தனையும் முடிந்து விசா கைக்கு வரும்போது கோடை போய்விடுகிறது. கிடைப்பது அதிகபட்சம் 90 நாள். அக்டோபர் கடைசியில் வந்து இறங்கினால் கோட்டைக்கு மிஞ்சுவது சில நாட்களே. அந்த நாட்களில் மழை கொட்டினால்?

சரி, நல்ல மே மாதமாகவே அமைந்தது என்று வைத்துக்கொள்வோம். கோப்லென்ஸ் வரை ரயில். அங்கிருந்து மோசல் ஆற்றை ஒட்டியே ஓடும் சின்ன ரயிலில் மோசல்கெர்ன். அதற்குப் பிறகு சுமார் ஐந்து கிலோமீட்டர், எல்ட்ஸ் ஓடையோரமாகக் காட்டுக்குள் நடை. கடைசியில் ஏற்றம். படித்த பயணக் குறிப்புகள் எல்லாமே இந்த நடையைத்தான் கொண்டாடுகின்றன. இளைஞர்களுக்குக் கொண்டாட்டம்தான். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பேருந்து பருவகாலத்தில் மட்டும், அதுவும் சில நடைதான். திரும்பும்போது ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததுவரை காத்துக் கிடக்க வேண்டும்.

யாரைக் கேட்டாலும் “கார் எடுத்துக்கோங்க” என்கிறார்கள். எனக்கு ஓட்டுநர் உரிமம் இல்லை. இங்கே அதை வாங்குவது ஆயிரக்கணக்கான யூரோ செலவு. காரில் போனாலும் நிறுத்துமிடத்திலிருந்து கோட்டை வாசலுக்குக் கணிசமான தூரம் இறக்கம். திரும்பி வரும்போது அத்தனையும் ஏற்றம். அந்தத் தூரத்துக்கு ஒரு சிறு வண்டி விடுகிறார்கள். அது பெரிய உபகாரம், மனதார வாழ்த்துகிறேன். ஆனால் அந்த வண்டி நிற்கும் இடம்வரை என் பெற்றோரை எப்படிச் சேர்ப்பேன்?

ஒரு விஷயத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சொல்லாமல் விட முடியவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறை தேடியாக வேண்டும். இந்த ஊர்ச் சிறு ரயில் நிலையங்கள் பலவற்றில் கழிவறையே கிடையாது. ரயிலில் இருப்பது சில நேரம் பூட்டிக் கிடக்கும். எல்ட்ஸ் கோட்டையிலோ இருபதளவு கழிப்பிடங்களைச் சுவருக்குள்ளேயே வைத்து, மழைநீரால் கழுவிவிட ஏற்பாடு செய்திருந்தார்கள். அறைக்குப் பக்கத்திலேயே அது வேண்டும் என்று இடைக்காலக் கொத்தனாருக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைக்கு நிலையம் கட்டுகிறவர்களுக்கு ஏன் தெரியவில்லை என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

கோட்டைக்குள் மின்தூக்கி கேட்கும் ஆள் நான் இல்லை. மூன்று பக்கமும் ஓடை சூழ, எழுபது மீட்டர் உயரப் பாறையில், எதிரி ஏறக்கூடாது என்றே கட்டிய இடம் அது. செங்குத்து அந்த இடத்தின் இயல்பு. படியை இடித்துச் சரிவாக்கு என்று யாராவது சொன்னால் முதலில் மறுப்பவர் என் அப்பாதான். உள்ளே படம் எடுக்கக்கூடாது என்ற விதியும் எனக்குச் சம்மதமே. வழிகாட்டியோடு நடக்கும் அந்த நாற்பது நிமிடத்தில் கைபேசியை விட்டுவிட்டுக் கண்ணால் பார்க்கட்டும். வீரர்கள் கூடும் மண்டபத்தில் கோமாளி முகங்களும், வாசலுக்கு மேலே ஒரு ரோஜாவும் இருக்கின்றன. இங்கே எதையும் தயங்காமல் பேசலாம் என்பதற்கு அந்த முகங்கள். பேசியதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதற்கு அந்த ரோஜா. இதை அப்பா நேரில் பார்த்துவிட்டு ஊரில் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்பதே என் ஆசை.

நான் கேட்பது விவரம் மட்டும்தான். மொத்தம் எத்தனை படி? கைப்பிடி எங்கெங்கே இருக்கிறது? நடுவில் உட்கார நாற்காலி உண்டா? பாதியில் முடியவில்லை என்றால் ஒருவர் மட்டும் திரும்பிவர வழி உண்டா? நான் புரட்டிய எந்தப் பயணக் கையேட்டிலும் இதற்குப் பதில் இல்லை. எந்தக் கோணத்தில் நின்றால் பாலத்தோடு சேர்த்துப் படம் நன்றாக விழும் என்பது எல்லாவற்றிலும் இருக்கிறது. வயதானவர்களும் கோட்டை பார்ப்பார்கள் என்ற நினைப்பே இல்லாமல் எழுதுகிறார்கள். வாழ்நாளெல்லாம் வரலாறு படித்து, படிப்பித்து, பிள்ளைகளைக் கரையேற்றி, கையில் நேரம் வந்து நிற்கிறவர்கள் அவர்கள்தானே?

போன வாரம் அம்மா தொலைபேசியில், “நீ அப்பாவ மட்டும் கூட்டிப்போ, நான் வண்டி நிக்கிற எடத்துலயே இருந்துக்கறேன்” என்றாள். எனக்கு அது வேண்டாம். இரண்டு பேரும் அந்தச் சமையலறையைப் பார்க்க வேண்டும். அந்த அடுப்பைப் பற்றி அப்பாவைவிட அம்மாவுக்குத்தான் கேட்க நிறைய இருக்கும். மோசல்கெர்னில் வாடகைக் கார் முன்கூட்டியே சொல்லிவைக்க முடியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். ஏப்ரலில் கோட்டை திறக்கிறது. விசாவுக்கு நாள் இன்னும் கிடைக்கவில்லை.