போர்டு யாருக்குச் சொந்தம்?

கடைக்குப் போர்டு எழுதியவர், "போர்டு என் பேர்ல இருக்கு" என்று கழற்றிக்கொண்டு போனால் முதலாளி சும்மா விடுவாரா? வெப்சைட் விஷயத்தில் விட்டுவிடுகிறார்கள்!

சென்னையில் பாத்திரக்கடை, நாட்டியப் பள்ளி, முதியோர் இல்லம் எல்லோருக்கும் இப்போது வெப்சைட் தேவை. "கம்மி ரேட்டுல முடிச்சுத் தர்றேன்" என்று ஆள் வருகிறார். முடியும்தான். தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் 2003 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. வருடாந்திரச் செலவு என்றால் பெயர்ப் பதிவுக் கட்டணமும் சர்வர் வாடகையும்.

வில்லங்கம் அந்தப் பெயரில்தான். டாட் இன், டாட் காம் விலாசம் யார் பெயரில் பதிவாகிறதோ, பிடி அவர் கையில். காலத்தில் புதுப்பிக்காவிட்டால், தவணை கழிந்தபின் வேறு எவரும் அதை வாங்கிக்கொள்ளலாம். வடிவமைத்தவர் தன் பெயரில் பதிந்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டால்? போனையே எடுக்காவிட்டால்? பில் புத்தகத்திலும் துணிப்பையிலும் அச்சடித்த விலாசம் அம்போ!

பதிவு கடைக்காரர் பெயரில், அவருடைய இமெயிலில் இருக்கவேண்டும். பாஸ்வேர்டு கல்லாச் சாவியோடு இருக்கட்டும். இதை எழுதிக் கொடுக்க யோசிக்கிறவருக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.