அபராதச் சீட்டில் உள்ள எண்

ராயகிரியில் இருந்து சிவகிரிக்கோ சங்கரன்கோவிலுக்கோ வேலைக்குச் செல்லும் இளைஞரை வாகனச் சோதனையில் நிறுத்துகிறார்கள். தலைக்கவசம் இல்லை; ஓட்டுநர் உரிமமும் எடுக்கவில்லை. ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்புகிறார்கள். சட்டைப் பையில் மடித்து வைத்த அந்தச் சீட்டு, துணி துவைக்கும்போது கரைந்து போகிறது. சீட்டு கரைந்துவிட்டது என்பதற்காக வழக்கு கரைந்துவிடுவதில்லை. பின்னொரு நாள் வண்டியின் பெயரை மாற்றப் போகும்போதோ, காவலர் தேர்வில் தேறிய பிறகு பின்னணி விசாரணை வரும்போதோ அது எதிரே வந்து நிற்கிறது.

நம் குடியிருப்புகளில் இது புதிய கதை அல்ல. தவறு செய்தால் அபராதம் கட்ட வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தன் மேல் என்ன வழக்கு இருக்கிறது, எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது, முடிந்ததா முடியவில்லையா என்பதே தெரியாமல் வாழ்வது அபராதத்தை விடப் பெரிய தண்டனை.

தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் போக்குவரத்து அபராதங்கள் உயர்த்தப்பட்டன. உரிமம் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். அப்படியானால் இந்த ஒரு சீட்டு ஏறத்தாழ 15 நாள் கூலி. கூலிக்காரக் குடும்பம் அதைக் கட்டத் தயங்குவதும், கட்டாமல் தள்ளிப்போடுவதும் இயல்பு. அப்படித் தள்ளிப்போடும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில், கையில் இருப்பது எந்த வகைத் தாள் என்று பார்க்க வேண்டும். மூன்று வகை உண்டு.

முதலாவது, இ-சலான். இது காவல்துறையோ போக்குவரத்துத் துறையோ விதிக்கும் அபராதம். இதைக் கட்டி ரசீது பெற்றால் விவகாரம் அங்கேயே முடிந்துவிடும். மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துத் தேடினால் நிலுவை தெரியும்.

இரண்டாவது, நீதிமன்றத்துக்குப் போன சிறுவழக்கு. தமிழ்நாட்டின் நீதித்துறை நடுவர் நீதிமன்றங்களில் இது 'எஸ்.டி.சி.' என்ற எழுத்துகளோடும், ஓர் எண்ணோடும், ஆண்டோடும் பதிவாகும். சுருக்கமுறை விசாரணை வழக்கு என்பது அதன் பொருள். சம்மன் வந்தும் போகாவிட்டால் பிடியாணை வரை செல்ல வாய்ப்புண்டு.

மூன்றாவது, முதல் தகவல் அறிக்கை பதிவான வழக்கு. இது அபராதச் சீட்டு அல்ல, குற்ற வழக்கு. அசட்டையாக வண்டி ஓட்டினார் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு. அதனால் மரணம் நேர்ந்தால் 106(1). 2024 ஜூலை 1க்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 304-ஏ என்று இருக்கும். மூன்றையும் ஒன்றாக எண்ணி, 'ஏதோ ஃபைன்தான்' என்று விட்டுவிடுவதே நாம் செய்யும் பெரிய பிழை.

சீட்டில் எழுதியிருக்கும் பிரிவு எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்வதும் கடினமல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தில் 181 என்றால் உரிமம் இல்லை. 194-டி என்றால் தலைக்கவசம் இல்லை. 196 என்றால் காப்பீடு இல்லை. 185 என்றால் மது அருந்தி ஓட்டியது. 199-ஏ என்று இருந்தால் பெற்றோர் உடனே விழித்துக்கொள்ள வேண்டும். பதினெட்டு வயது நிறையாத பிள்ளை ஓட்டினால் வண்டியின் உரிமையாளருக்கோ பெற்றோருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்க அந்தப் பிரிவு இடம் தருகிறது. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமமும் கிடைக்காது.

நீதிமன்ற வழக்கைத் தேடுவதற்கு இ-கோர்ட்ஸ் தளமும் கைப்பேசிச் செயலியும் இருக்கின்றன, கட்டணம் இல்லை. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கம் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு. அது கையில் இருந்தால் போதும். அடுத்த வாய்தா தேதி, எந்த நீதிமன்றம், நிலுவையா முடிவா என்பதெல்லாம் தெரியும். அந்த எண் இல்லையென்றால் எஸ்.டி.சி. எண்ணாலோ, காவல் நிலையக் குற்ற எண்ணாலோ, பெயராலோ தேடலாம். பெயரால் தேடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெயர் ஆங்கிலத்தில் பதிவாகியிருக்கும், ஓர் எழுத்து மாறினாலும் கிடைக்காது. தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22இல்தான் உருவானது. அதற்கு முந்தைய வழக்கைத் திருநெல்வேலியின் கீழும் தேடிப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் 'சலான்' என்று வரும் செயலிக் கோப்பைத் தொடவே கூடாது. அது வங்கிக் கணக்கில் உள்ள பணத்தைத் திருடும் மோசடி.

இணையத்தில் தெரிவது தகவல் மட்டும். வேலைக்கோ வேறு தேவைக்கோ காட்ட வேண்டுமென்றால் நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் பெற வேண்டும். அபராதம் கட்டிய ரசீதையும் அந்த நகலையும் சாதிச் சான்றிதழோடும் மதிப்பெண் பட்டியலோடும் ஒரே உறையில் வைத்துக்கொள்வது நல்லது.

மாணவர்களுக்கு ஒரு சொல். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதும் சட்டப்படி தண்டனைதான். அதற்காக ஒரு சிறு வழக்கால் வாழ்க்கையே போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்பத்தில் கேட்கும்போது மறைத்தால், வழக்கை விட மறைத்ததே பெரிய குறையாகிவிடும். அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரமும் இதுதான்: வேலைக்கு வருபவர் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும், அதே நேரம், வழக்கு அற்பமானதென்றால் வேலை தருவோர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையைச் சொல்ல முதலில் உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. இருசக்கர வாகனம் நம் பிள்ளைகளுக்கு வெறும் வண்டி அல்ல. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் பட்டியலினக் கல்லூரி மாணவர் ஒருவர் வெட்டப்பட்டார், புல்லட் ஓட்டியதே காரணம் என்று குடும்பத்தினர் புகார் கூறினர், மூவர் கைதாயினர். சாலையில் சாதி சொல்லி இழிவுபடுத்தப்பட்டவர், 'நம் மேல் பழைய அபராதம் பாக்கி இருக்கிறதே' என்ற பயத்தில் காவல் நிலையப் படியேறாமல் இருந்துவிடக் கூடாது. வாகன வழக்கு வேறு, வன்கொடுமை வழக்கு வேறு. ஒன்று இருப்பதால் மற்றதில் புகார் கொடுக்கும் உரிமை போவதில்லை.

அந்தச் சாலையில் நடக்கும் உரிமையே எழுத்தில் வாங்கப்பட்டது. 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலைகளும் கிணறுகளும் ஒடுக்கப்பட்டோருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்து, அதை அரசாணையாக்கச் செய்தார். வாய்ச்சொல் மறுக்கப்படும், எழுத்தை மறுப்பது கடினம் என்பதை அந்தத் தலைமுறை அறிந்திருந்தது. நூறு ஆண்டு கழித்து நாம் நம் பெயரில் உள்ள எழுத்தையே படிக்காமல் இருக்கலாமா?

உதவிக்கு ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். இது சலுகை அல்ல, சட்டம் தந்த உரிமை.

அரசுத் தரப்பும் செய்ய வேண்டியது உண்டு. அபராதச் சீட்டில் பிரிவு எண்ணோடு குற்றத்தின் பெயரும் நீதிமன்றத்தின் பெயரும் தமிழில் தெளிவாக இருக்க வேண்டும். ராயகிரி போன்ற பேரூராட்சிகளில் மாதம் ஒரு நாளாவது சட்ட உதவி முகாம் நடத்தி, அங்கேயே வழக்கு நிலையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சங்கரன்கோவிலும் வாசுதேவநல்லூரும் தனித்தொகுதிகள். தென்காசி மக்களவைத் தொகுதியும் தனித்தொகுதி. இதைக் கேட்டுப் பெறுவது அங்கு வென்றவர்களின் வேலை.

அதுவரை ஊரில் படித்த பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கலாம். தெருவில் உள்ள அண்ணன்மார், சித்தப்பாமாரின் வண்டி எண்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். அடுத்த முறை யாராவது வண்டியை நிறுத்திப் பணம் கேட்டால், ரசீது கேளுங்கள். நீதிமன்றம் என்று சொன்னால், வழக்கு எண் கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேட்காமல் வராதீர்கள்.