கீழாநெல்லியும் ஊமை மரபணுவும்

பெங்களூர் விவேக் நகரில் தமிழர்களுக்குப் பஞ்சமில்லை. காமாலைக்குக் கீழாநெல்லி என்ற நம்பிக்கைக்கும்தான். விஞ்ஞானிகள் அந்த நம்பிக்கையை உதாசீனப்படுத்தவில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலில் தங்கிவிட்டவர்களுக்குச் சென்னையில் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தார் எஸ்.பி. தியாகராஜன். 59 சதவீதத்தினரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்ததாக 1988-ல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. கட்டுரையாளர்களில் ஒருவர், இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க். ஆனால் பிற நாட்டுச் சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை.

வைரஸ் கில்லாடி. ஈரல் செல்லின் உட்கருவில் தன் மரபணுவைப் பதுக்கிவிட்டு, மேலுறைப் புரதத்தை ரத்தத்தில் வாரி இறைக்கிறது. நோய் எதிர்ப்பு அணுக்கள் களைத்து ஓய்கின்றன. 1998-ல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் விளக்கிய மரபணுவை ஊமையாக்கும் உத்தி இங்கேதான் கைகொடுக்கிறது. சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ. துணுக்குகள், மரபணுவின் உத்தரவைச் சுமந்து செல்லும் ஆர்.என்.ஏ.வைத் துண்டித்துவிடுகின்றன. புரதம் வெகுவாகக் குறைகிறது. ஆனால் ஓய்ந்த அணுக்கள் தாமாக எழுவது அபூர்வம். எனவே, அவற்றைத் தட்டியெழுப்பும் மருந்துகளையும் சேர்த்துச் சோதிக்கிறார்கள்.

பெரியவர்களைத் தொற்றினால் பெரும்பாலும் உடலே வைரஸை விரட்டிவிடும். இலைக்குக் கிடைத்த புகழில் பாதி உடலுக்குச் சேர வேண்டியது. பிறக்கும்போது தொற்றினாலோ, பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் தங்கிவிடும். பின்னாளில் ஈரல் சுருங்கலாம், புற்றுநோயும் வரலாம். ஆகவே கண்ணில் மஞ்சள் தெளிந்தாலும் ரத்தப் பரிசோதனை அவசியம். குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி, அதைவிட அவசியம்.