மாறுகண் சிகிச்சையும் பிள்ளையின் சத்தியும்

இணுவிலில் எமது அயலில் ஐந்து வயதுச் சிறுமியொருத்திக்கு மாறுகண் சத்திரசிகிச்சை நடந்தது. கண் நேராயிற்று, பிள்ளையோ மாலைவரை ஓயாது சத்தியெடுத்தாள். "கண்ணிலே கத்தி வைத்தால் வயிறு ஏன் புரளவேண்டும்?" என்று அப்பாச்சி எம்மிடம் வினவினார். நியாயமான வினாவே.

கண்ணை அசைக்கும் தசையை வைத்தியர் இழுக்கும்போது, அச்செய்தி மூளை வழியே வேகசு என்னும் நரம்பை எட்டுகின்றது. இதயத்துடிப்புத் தளர்வதும் அதனாலேயே. இது 1908ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது. குமட்டலுக்கும் அந்நரம்பிற்கும் தொடர்புண்டென்பர்.

மூன்று வயதைக் கடந்த பிள்ளைகளுக்கும், அரைமணி நேரத்திற்கு மேல் நீடிக்கும் சிகிச்சையிலும் இவ்விடர் மிகுதி. பிள்ளையோ, பெற்றோர் உடன்பிறந்தாருள் ஒருவரோ முன்னர் மயக்கமருந்தின்பின் சத்தியெடுத்திருந்தால் இன்னும் மிகுதி. எம்மவர் இதனைச் சொல்வதில்லை, கேட்டாலும் மறைப்பர். சொன்னாலன்றோ மயக்கமருந்து வைத்தியர் ஒண்டன்செற்றன், டெக்சாமெதசோன் ஆகிய இரண்டையும் சேர்த்துக் கொடுப்பார். வாயுவைத் தவிர்த்து ஊசிவழியே மயக்கவும் கருதுவார்! 1898இல் இவ்வூரில் மக்லியொட் வைத்தியசாலை பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாகத் தோன்றிய காலத்தில், உலகெங்கும் ஈதரும் குளோரபோமுமே பெருவழக்கு. சத்தி அவற்றின் கூடப்பிறப்பு.

சோறும் பசும்பாலும் ஆறு மணி நேரத்திற்கு முன்பே நிறுத்தப்படும். தெளிந்த நீரைப் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்திற்கு முன்புவரை கொடுக்கலாம். வைத்தியர் குறித்த நேரமே முடிவு. பசிக்கிறதென்று ஒளித்துப் பால் பருக்குவது பேராபத்து. மயங்கிய நிலையில் அது மூச்சுக்குழாயினுட் புகலாம்.

விழித்தபின் வற்புறுத்திக் குடிப்பித்தால் சத்தி பெருகும். பிள்ளை தானே கேட்கும்போது சிறுகச் சிறுகக் கொடுத்தலே நன்று.

அப்பாச்சியோ, பிள்ளை கண்விழித்த கையோடு ஒரு குவளை நிறையப் பால்மா கரைத்துக் கொடுத்திருந்தார்! மற்றக் கண்ணுக்கு அடுத்த மாதம் சிகிச்சை. குவளையை எம்மிடம் ஒப்படைக்க உடன்பட்டிருக்கிறார்.